பிரேக் இல்லாத படகு

ஜனவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் உங்கள் மகன் சின்ன முதலாளியும் சுகம்தானே? அண்ணனின் ரத்த அழுத்தம் என்னால் ஏறியிருந்தால் மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்லுங்கள். என்னைத் திரும்பி வரச் சொல்லி மட்டும் எழுதாதீர்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியதற்கு உங்களிடமும் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அண்ணனிடம் கேட்க மாட்டேன். போர்டு மாட்டிய அன்று என்ன நடந்தது என்று அவன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான், நானே சொல்கிறேன். பெயின்டர் ஏணி மேல் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தது யார்? நான்தான். பிடித்துக்கொண்டே அண்ணாந்து படித்தேன். மேலே அப்பாவின் பெயர். அதற்குக் கீழே 'மகன், பேரன் டிரைவிங் ஸ்கூல்'. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஸ்கூலில் வெயிலில் காய்ந்து சொல்லிக்கொடுத்தவள் நான். பேரனுக்கு ஒழுங்காகப் பார்க்கிங் பண்ணத் தெரியாது, அவன் போர்டில் இருக்கிறான்.

"என் பேர் எங்கண்ணா?" என்று கேட்டேன்.

"நீ வீட்டு ஆளுதானே, உனக்கெதுக்கு போர்டு? எங்கே ஓடிடப் போறே?" என்றான்.

அதான் ஓடிப் பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டேன். முதுகில் மாட்டும் பை ஒன்று, அப்பா எனக்கென்று விட்டுப்போன பழைய பயிற்சி வண்டி, அவ்வளவுதான். அதில் இரண்டு பிரேக் இருப்பதால் அதை வேறு யாரும் வாங்கவும் மாட்டார்கள், திருடவும் மாட்டார்கள்.

போனை என் டிராயரிலேயே வைத்துவிட்டு வந்தேன். அண்ணன் கூப்பிட்டால் நான் எடுத்துவிடுவேன். கொஞ்ச நேரம் கத்துவான், அப்புறம் குரல் தழுதழுக்கும், நான் வண்டியைத் திருப்பிவிடுவேன். எத்தனை தடவை அப்படித் திருப்பியிருக்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். கடிதத்தில் அவனால் கத்த முடியாது. அவனுக்குப் பேனா பிடிப்பது என்றாலே வேப்பங்காய், எப்படியும் உங்களைத்தான் எழுத வைப்பான். கீழே முகவரி எழுதியிருக்கும் துறைமுகத் தபால் நிலையத்துக்கு எழுதுங்கள். நான் வந்து வாங்கும்வரை வைத்திருப்பார்கள்.

அம்மாவை வெயிலில் துணி காயப்போட விடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


ஜனவரி 29

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கே அனைவரும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, பத்திரமான இடத்தில் தூங்குகிறாயா என்று அத்தை கேட்கச் சொன்னார்கள்.

உன் அண்ணன் எதிரே உட்கார்ந்து சொல்கிறார், நான் எழுதுகிறேன். சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுத வேண்டுமாம்.

"இதெல்லாம் உனக்கே நல்லாருக்கா? நாப்பத்தஞ்சு வயசுல முதுகுல மூட்டையைத் தூக்கிக்கிட்டு ஊர் சுத்துறியே, கேக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? மே மாசம் இருபதாம் தேதி ஆபீசர் இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றாரு. பயிற்சியாளர் சான்றிதழ் உன்கிட்டதான் இருக்கு. அன்னிக்கு நீ வந்து நிக்கலேன்னா லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டாங்க, அப்பா வெச்ச ஸ்கூலை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். அந்தப் பாவம் உனக்கு வேணுமா? கோவத்தை ஓரமா வெச்சிட்டுப் பொழுதோட வீடு வந்து சேரு."

அவர் தேநீர் குடிக்க எழுந்து போயிருக்கிறார். இனி நான் எழுதுகிறேன்.

நீ போனதிலிருந்து அவரேதான் வகுப்பு எடுக்கிறார். தெருமுனை வரை கேட்கிறது. நேற்று ஒரு பெண் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். சின்ன முதலாளி மதியம்தான் எழுந்திருக்கிறான்.

ஒரு சந்தேகம். கற்றுக்கொள்கிற பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள். கிளட்சை விடும்போதெல்லாம் வண்டி தவளை மாதிரிக் குதித்து நின்றுவிடுகிறதாம். நீயாக இருந்தால் என்ன சொல்வாய்? அவளுக்குச் சொல்ல வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன், முகம் மட்டும் வெயிலில் கறுத்துவிட்டது. அம்மாவிடம் சொல்லுங்கள், நன்றாகச் சாப்பிடுகிறேன், வண்டியின் பின்சீட்டில் கால் நீட்டித் தூங்குகிறேன். உங்கள் எல்லோர் சுகத்தையும் எழுதுங்கள்.

முதலில் அண்ணனுக்குப் பதில். அப்பா படுக்கையில் கிடந்தபோது இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்து, 'ஸ்கூல் உங்க ரெண்டு பேருக்கும் சரிபாதி' என்றார். அவன் தலையாட்டினான். நானும் தலையாட்டினேன். என் பாதி அதோடு காற்றில் போய்விட்டது. அந்தப் பாதியை அவன் பத்திரத்தில் எழுதித் தரட்டும், போர்டிலும் போடட்டும், நான் மே மாதம் இல்லை, மறுநாளே வருகிறேன். எழுதித் தரவில்லை என்றால் ஆபீசர் வரட்டும், போகட்டும். பூட்டினால் பாவம் எனக்கா? போர்டில் பெயர் இருப்பவர்கள் அந்தப் பாவத்தையும் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

இப்போது என் கதை. வண்டியில் இன்னும் 'எல்' போர்டு இருக்கிறது. கழற்றவில்லை. அதைப் பார்த்ததும் லாரிக்காரர்கள்கூட ஒதுங்கி வழிவிடுகிறார்கள், ராணி மாதிரிப் போகிறேன். வழியில் என்னைப் போலவே முதுகுப்பையோடு ஒருவன் கை காட்டினான். பனைமரத்தில் பாதி உயரம் இருப்பான். நெட்டையன் என்றுதான் கூப்பிடுகிறேன், அவனுக்கும் சந்தோஷம்தான். இடது பக்கம் உட்கார்ந்தவன் பயத்தில் அங்கே இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்துவிட்டான். மலைச் சரிவு வேறு. "அண்ணனாக இருந்தால் உன்னை இங்கேயே இறக்கிவிட்டிருப்பான்" என்றேன். "உங்கண்ணன் யாருங்க?" என்றான். அன்று முழுக்க அவனுக்கு உங்கள் வீட்டுக்காரரைப் பற்றித்தான் பேச்சு.

துறைமுகம் வந்து சேர்ந்தோம். அங்கே கேப்டன் என்று ஒரு பெண், வயது முப்பது இருக்கும். ஒரு பாய்மரப் படகை டிரெய்லரில் வைத்து ஜீப்பால் பின்னோக்கித் தள்ளித் தண்ணீரில் இறக்கப் பாடாய்ப் படுகிறாள். டிரெய்லர் வலது பக்கம் போ என்றால் இடது பக்கம் போகிறது. சுற்றிலும் ஆண்கள் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். பார்க்கப் பொறுக்கவில்லை. "இறங்கும்மா" என்று சொல்லிவிட்டு நான் ஏறி உட்கார்ந்தேன். ஒரே தடவையில் படகு தண்ணீரில்.

அந்தப் பெண் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். தீவுகளைச் சுற்றி நாலைந்து மாதப் பயணம் போகிறாளாம். ஒரு ஆள் குறைகிறது, வருகிறீர்களா என்றாள். எனக்கு நீந்தத் தெரியாது என்றேன். "படகு நீந்தும், நீங்க சும்மா பிடிச்சிட்டு நின்னா போதும்" என்றாள். நெட்டையனும் வருகிறான். அடுத்துப் போகும் தீவின் தபால் முகவரியை ஒவ்வொரு உறையின் மேலும் எழுதிவிடுகிறேன்.

அண்ணி, அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்: கிளட்சைக் காலால் விடக்கூடாது, காதால் விட வேண்டும். இன்ஜின் சத்தம் ஒரு பிடி இறங்கும். இறங்கினதும் கால் அங்கேயே நிற்க வேண்டும். மூச்சு விட்டு, பிறகு மீதி. பயப்படுகிறவர்கள்தான் படக்கென்று விடுவார்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


மார்ச் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம், நலமறிய ஆசை. நீந்தத் தெரியாமல் கடலிலா என்று அத்தை இரண்டு நாள் புலம்பினார்கள். மூன்றாம் நாள், "இறங்கும்மான்னு சொன்னாளாமே!" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்கள்.

உன் அண்ணன் சொல்லச் சொன்னது: "கூடப்பொறந்தவளுக்குப் பத்திரமா? வெளிய தெரிஞ்சா வாயால சிரிக்க மாட்டாங்க. உன்னை எப்பவாவது பட்டினி போட்டேனா? வந்து வேலையைப் பாரு, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

அப்புறம் என்றால் எப்போது என்று நான் கேட்டேன். "நீ எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

ஸ்கூலில் ஆள் குறைந்துவிட்டது. எதிர் வரிசையில் மீசைக்காரர் ஸ்கூல் இருக்கிறதே, நம்மிடம் வந்து விசாரித்தவர்கள் எல்லாம் தெருவைக் கடந்து அங்கே போய்ச் சேருகிறார்கள். உன் அண்ணன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து யார் யார் போகிறார்கள் என்று முணுமுணுக்கிறார். மாலையில் மட்டும் பார்ப்பதில்லை, அப்போது டிவியில் செய்தி.

அந்தப் பெண் உனக்கு நன்றி சொன்னாள். கிளட்ச் சரியாகிவிட்டதாம். இப்போது ரிவர்ஸில்தான் தகராறு. இரண்டு வண்டிக்கு நடுவே பின்பக்கமாக நுழைக்கச் சொன்னால் எந்தப் பக்கம் திருப்புவது என்றே தெரியவில்லையாம்.

எனக்கு இடது முழங்கால் கொஞ்சம் வலி. மாடிப்படி ஏறி இறங்கியதுதான். வேறொன்றுமில்லை. சாயங்காலம் ஒரு மணி நேரம் காற்றாட நடந்துவிட்டு வருகிறேன், சரியாகிவிடும்.

பத்திரமாக இரு.

அண்ணி


மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். முழங்காலுக்குத் தைலம் தேய்த்தீர்களா? ஒன்று மட்டும் புரியவில்லை. நம் வீட்டில் மாடியே இல்லையே?

கேட்டுவிட்டேன். பதில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

இது இரண்டாவது தீவு. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று எழுத எனக்குத் தெரியாது. அடியில் கிடக்கும் நங்கூரம் கண்ணாடிக்குள் இருப்பது போலத் தெரிகிறது, அதைச் சுற்றி மீன்கள் வேடிக்கை பார்க்கின்றன. கரையில் தென்னை, அதற்குப் பின்னால் பச்சைக் குன்று. நெட்டையன் மூன்று நாள் விடாமல் வாந்தி எடுத்தான், இப்போது தேவலை. கடல் பயணம் அவன் கனவாம், அனுபவிப்பது நான்.

கேப்டன் என்னைப் போட்டு வாட்டுகிறாள் அண்ணி. நான் என் மாணவர்களை எப்படி விரட்டினேனோ அப்படியே. முதல் நாள் சுக்கானைக் கையில் கொடுத்தாள். எதிரே ஒரு மீன்பிடிப் படகு வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? காலால் பிரேக்கைத் தேடி ஓங்கி மிதித்தேன். அங்கே என்ன இருக்கும்? பலகைதான். மறுபடி மறுபடி மிதித்து அந்த இடத்தில் பெயின்டே போய்விட்டது.

"என்ன பண்றீங்க?" என்றாள் கேப்டன்.

"பிரேக் போடறேன்."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, இதுல பிரேக்கே கிடையாது. நிக்கணும்னா காத்துக்கு நேரா படகோட மூக்கைத் திருப்புங்க. அதுவா நின்னுடும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு பிரேக் போட்டதுதான் என் பிழைப்பு. ஓட்டுகிறவர்கள் ஓட்டிப் பழகி இறங்கிப் போவார்கள், அடுத்த ஆள் வருவார், நான் அதே சீட்டில். நம் ஸ்கூலிலும் அதுதான், வீட்டிலும் அதுதான். அண்ணன் முதலாளி, நான் பக்கத்து சீட்டு. அன்றைக்கு இரவு படுத்துக்கொண்டு அழுதேன். காலையில் எழுந்து கேப்டனிடம் போய், "மறுபடி சுக்கானைக் கொடு" என்றேன்.

காற்று எதிரே அடித்தால் படகு நேராகப் போகாது. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று வளைந்து வளைந்து ஏற வேண்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது. எதிர்த்துப் போவதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்களே.

ரிவர்ஸுக்கு: கண்ணாடியை மட்டும் நம்ப வேண்டாம், தலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீயரிங்கைக் கொஞ்சமாகத் திருப்பி, வண்டியை ஊர விட வேண்டும். பின்னால் நிற்பவன் ஹார்ன் அடித்தால் அடிக்கட்டும், அவன் அப்பன் வீட்டு ரோடா? அந்தப் பெண் கெட்டிக்காரி என்று எனக்குப் படுகிறது.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நிலைமை சரியில்லை.

உன் அண்ணன் சொல்ல எழுதுகிறேன். "அம்மா படுத்த படுக்கையா கெடக்குறாங்க. எழுந்து ஒரு அடி வைக்க முடியல. உன் பேரைச் சொல்லிச் சொல்லியே அனத்துறாங்க. டாக்டர் கையை விரிச்சிட்டாரு. கடைசியா மூஞ்சைப் பாக்கணும்னா உடனே கிளம்பி வா. பங்கு பாகம்லாம் இப்பப் பேசற நேரமில்லை."

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்கிறார். படித்துப் பார்த்து, சரி என்றார்.

அண்ணி

(உறையின் பின்புறம்)

வெளியே மழை கொட்டுகிறது. தபால் பெட்டி வரை யார் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "கொடு, நான் போட்டுட்டு அப்படியே காய்கறி வாங்கிட்டு வர்றேன்" என்று அத்தை குடையை எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். அவசரமாக ஒட்டுகிறேன்.


ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணிக்கு,

படுத்த படுக்கையாக இருக்கும் என் அம்மா, மழையில் தபால் பெட்டி வரை நடந்துபோய்க் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்களா? ஜலதோஷம் பிடிக்கவில்லையே?

உறையை நான் முதலில் பார்க்கவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன். கடிதத்தைத்தான் படித்தேன். அம்மா, அம்மா என்று சொல்லிக்கொண்டே துணிகளைப் பைக்குள் திணிக்கிறேன். நெட்டையன் கப்பல் டிக்கெட்டுக்கு ஓடிவிட்டான். கேப்டன்தான் தரையில் கிடந்த உறையைப் பொறுக்கிக்கொண்டு வந்து, "அக்கா, பின்னாடி ஏதோ எழுதியிருக்கு" என்றாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்தது கொஞ்ச நேரம்தான். அப்புறம் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. சொந்த அம்மாவைச் சாகக் கிடக்கிறாள் என்று எழுத அவனுக்கு எப்படி மனசு வந்தது? அவள் கையாலேயே அதைத் தபாலில் வேறு போட வைத்திருக்கிறான்! பாதியைத் தருவதைவிட அம்மாவைச் சாகடிப்பது அவனுக்குச் சுலபமாகப் போய்விட்டதா?

இதை அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்: நான் வர மாட்டேன். இருபதாம் தேதிக்கும் வர மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. ஜனவரியில் கிளம்பியது கோபத்தில்தான். இன்று நன்றாகச் சாப்பிட்டு, தெளிவாக உட்கார்ந்து சொல்கிறேன். என் பங்கு என் கைக்கு வராமல் அந்தப் படியில் கால் வைக்க மாட்டேன்.

அம்மாவுக்கு விஷயம் தெரியுமா? தெரியாவிட்டால் சொல்லிவிடுங்கள். அப்புறம் அவன் பாடு, அம்மா பாடு.

ஜூன் தொடக்கத்தில் பழைய துறைமுகத்துக்கே திரும்புகிறோம். பாயில் கிழிசல், தைக்க வேண்டும். என் வண்டியும் அங்கேதான் நிற்கிறது. பத்து இருபது நாள் இருந்துவிட்டு மறுபடி கடல். அந்தப் பெண்ணுக்கு நீண்ட பயணம் போக ஆசை இருந்தால், மலைச் சரிவில் பிரேக்கையே நம்பிப் போக வேண்டாம், இரண்டாம் கியரில் போட்டு இறங்கச் சொல்லுங்கள். சாலை நன்றாகத்தான் இருக்கிறது.

முழங்கால் தேவலையா?

உங்கள் நாத்தனார்


மே 16

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறீர்களா? போன தீவுத் தபால் நிலையத்தில் எனக்கு ஒன்றுமில்லை என்றார்கள். இரண்டு நாள் தொடர்ந்து போய்க் கேட்டேன். என் கடிதம் வரவில்லையா, உங்களை எழுத விடவில்லையா? என்னால் உங்களுக்குத் திட்டு விழுகிறதோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். நேற்றுக் காலை அங்கிருந்து பயணிகள் கப்பல் ஒன்று கிளம்பியது. அதில் ஏறியிருந்தால் இருபதாம் தேதி ஆபீசர் முன்னால் வந்து நின்றிருக்கலாம். பையைக் கட்டிக்கொண்டு படகுத்துறையில் போய் நின்றேன். அப்பா ஸ்கூல் அண்ணி. காலையில் கதவைத் திறந்ததும் வருமே பெட்ரோலும் சாம்பிராணியும் கலந்த ஒரு வாசனை, அது மூக்கில் வந்தது. அதைப் பூட்டிப் பார்க்க எனக்கு மட்டும் ஆசையா?

ஆனால் ஏறிவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழேதான் நிற்க வேண்டும். கப்பல் கயிற்றை அவிழ்த்தார்கள். நான் அசையவில்லை. அது போய்விட்டது.

திரும்பி வந்தபோது கேப்டன் பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "அடுத்த தீவுக்குள்ள நுழையறது நீங்கதான்" என்றாள். தீவைச் சுற்றிப் பவளப்பாறை, நடுவில் ஒரு சந்து. வெயில் உச்சியில் இருக்கும்போதுதான் நுழைய வேண்டும், அப்போதுதான் பாறை எது, ஆழம் எது என்று நிறம் காட்டிக்கொடுக்கும். பழுப்பு என்றால் பாறை, கருநீலம் என்றால் வழி. நெட்டையன் முனையில் ஏறி நின்று கையைக் காட்டினான், கேப்டன் பாயைப் பிடித்துக்கொண்டாள், சுக்கான் என்னிடம். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்கிறது. ஆனால் கால் பிரேக்கைத் தேடவில்லை அண்ணி. உள்ளே போய் நங்கூரம் போட்ட பிறகுதான் அது எனக்கே உறைத்தது. தொண்டை கிழியக் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுத முடியாது, அண்ணனைப் பற்றித்தான்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 3

தங்கைக்கு,

நலம். நீ நலமா. எனக்கு எழுதிப் பழக்கமில்லை, எழுத ஆளும் இல்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

ஆபீசர் வந்தார். பயிற்சியாளர் எங்கே என்று கேட்டார். இதோ வந்துவிடுவாள் என்றேன். சாயங்காலம் வரை உட்கார்ந்து இருந்துவிட்டு, "உங்களுக்கு ஆள் வந்ததும் சொல்லுங்க" என்று ஷட்டரை இறக்கச் சொல்லிவிட்டுப் போனார். பத்து நாளாகியும் அந்த ஆத்திரம் அடங்காமல் ஒரு ராத்திரி உன் அண்ணியைப் பிடித்துத் திட்டினேன். "உனக்கு என்ன தெரியும் ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருக்குன்னாவது தெரியுமா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அம்மா மட்டும் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. படுத்த படுக்கை விஷயம் தெரிந்ததிலிருந்தே அம்மா என்னிடம் பேசுவதில்லை.

மறுநாள் காலையில் எழுந்து பார்க்கிறேன், நான் வாங்கிய புது வண்டியைக் காணவில்லை. உன் அண்ணியைக் காணவில்லை. அம்மாவையும் காணவில்லை. போலீசுக்குப் போகலாம் என்று வெளியே வந்தால் எதிர் ஸ்கூல் மீசைக்காரன் ரோட்டைத் தாண்டி ஓடி வருகிறான். என் கையைப் பிடித்துக் குலுக்குகிறான். "உங்க வீட்டம்மா மாதிரி ஒரு ஸ்டூடண்ட் எனக்கு வாய்ச்சதில்லைங்க. டெஸ்ட்ல ஒரே தடவையில பாஸ். ரிவர்ஸ்ல புகுந்து விளையாடுறாங்க. வெடிகாலையில வண்டியை எடுத்தாங்க பாருங்க, வெண்ணெய் மாதிரி இருந்துச்சு" என்கிறான். தெருவே நின்று கேட்கிறது.

அவள் கேட்டிருந்தால் நான் கற்றுக்கொடுத்திருக்க மாட்டேனா? கல்யாணமான புதிதில் ஒரு தடவை கேட்டாள். அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னேன் போல இருக்கிறது.

சின்ன முதலாளி ஓட்டலில் சாப்பிடுகிறான். எனக்கு ஓட்டல் ஒத்துக்கொள்ளவில்லை. மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை.

நீ ஜெயித்துவிட்டாய். சரிபாதி எழுதித் தருகிறேன். போர்டையும் மாற்றுகிறேன், பெயின்டரிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் அங்கே வந்தால் கூட்டிக்கொண்டு வா. அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

அண்ணன்


ஜூன் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் மூவரும் பரம சுகம். மாத்திரை சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறதாம், காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு. அண்ணி சொல்லச் சொன்னார்கள். தவறாமல் போடு, உன்மேல் எனக்குக் கோபம்தானே தவிர வேறொன்றுமில்லை.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க விரும்பவில்லை. மற்றதையும் மறைக்கப் போவதில்லை.

அவர்கள் வந்து இறங்கிய காட்சியை நீ பார்த்திருக்க வேண்டும். படகுத்துறையில் இரண்டு மீன் லாரிக்கு நடுவே ஒரு கார்தான் நிற்க இடம். உன் புது வண்டி வந்தது, முன்னே போய் நின்றது, தலை பின்பக்கம் திரும்பியது, ஊர்ந்து ஊர்ந்து உள்ளே நுழைந்தது. ஒரு லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். "உங்கப்பன் வீட்டு ரோடா?" என்று ஜன்னல் வழியாக அண்ணியின் குரல். முப்பது வருஷத்தில் அண்ணியின் குரலை அந்த உயரத்தில் நான் கேட்டதேயில்லை. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் படகுத்துறை நடுவில் நின்று அழுதோம். அம்மா பின்சீட்டிலிருந்து, "அழறதை அப்புறம் வெச்சுக்கலாம், கதவைத் திறங்கடி, கால் மரத்துப்போச்சு" என்றாள்.

"ஏன் அண்ணி என்கிட்டகூடச் சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொன்னா அது உன் வீரமாயிடும். இது எனக்குன்னு இருக்கட்டும்னு நெனச்சேன்" என்றார்கள்.

அண்ணி உன்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தைகூட இல்லை. அதை நினைத்து நீ சந்தோஷப்படாதே, எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இப்போது பங்கு விஷயம். சரிபாதி தருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஜனவரியில் சொல்லியிருந்தால் ஏணியடியிலேயே சரி என்றிருப்பேன். பிப்ரவரியில் சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன். இப்போது முடியாது. முப்பது வருஷமாக அந்த ஸ்கூலுக்குக் கணக்கு எழுதியதும், வந்தவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்ததும், நீ கத்தி விரட்டியவர்களை வாசலில் சமாதானப்படுத்தித் திரும்ப உள்ளே அனுப்பியதும் யார்? அந்த அண்ணி வண்டி கற்கத் தெருவைக் கடந்து அடுத்தவனிடம் போக வேண்டியிருந்தது. அதனால் மூன்று பங்கு. ஒன்று எனக்கு, ஒன்று அண்ணிக்கு, ஒன்று உனக்கு. போர்டு எழுதுபவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல், அவரும் எத்தனை தடவைதான் ஏறி இறங்குவார்?

உன் பாதி ஏன் குறைந்தது என்று யோசித்து என்மேல் ஆத்திரப்படாதே. என் பாதியைக் கொடுத்திருந்தால் உன் பாதி உன்னிடம் இருந்திருக்கும்.

நாளை காலை பாய் விரிக்கிறோம். அண்ணிக்கு மிதவைச் சட்டை மாட்டிப் பார்த்தாகிவிட்டது. இன்று சுக்கானைப் பிடித்தார்கள், கேப்டன் அவர்களையும் போட்டு வாட்டுகிறாள், எனக்குத் திருப்தியாக இருக்கிறது. அம்மா படகில் வர மாட்டேன் என்று ஒரு மணி நேரம் அடம்பிடித்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் ஏறி நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். இந்த உறையின் மேல் அடுத்த துறைமுகத்தின் முகவரி இருக்கிறது. அங்கே உன் பதில் காத்திருந்தால் வீடு திரும்புவோம். இல்லையென்றால் அதற்கு அடுத்த தீவு. தீவுகளுக்குக் குறைச்சலே இல்லை என்கிறாள் கேப்டன்.

ஒரு விஷயம், உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மாவிடம் கேட்டேன், "உனக்குப் பங்கு எதுவும் வேணாமாம்மா?" என்று. அம்மா கடலையே பார்த்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

சீக்கிரம் பதில் போடு அண்ணா. அம்மா யோசித்து முடிப்பதற்குள்.

என்றும் உன்,
தங்கை